மஞ்சள் களமும் எட்டு மில்லிமீட்டர் பிலிமும்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-ஆம் ஆண்டு பிறந்து, டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்ற ஏ. கே. செட்டியார், 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தியடிகளின் ஜன்ம தினத்தன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் நகருக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, மகாத்மாவின் வாழ்க்கையை ஒரு முழு நீளப் படமாக ஆக்கித் தருவதென்று சங்கற்பம் செய்துகொண்டார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிரம்பவில்லை. சொந்தமாக ஸ்டூடியோவும் கிடையாது, பெருந்தனமும் கிடையாது. அந்தப் படத்திற்காக அவர் பட்ட பிரயாசையில் பெரும்பகுதி, பிறர் எடுத்து எங்கெங்கோ போட்டு வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்ப்பதிலேயே கழிந்தது என்பதைப் பலர் அறியார். நான்கு கண்டங்களில் சுமார் 1 லட்சம் மைல் பிரயாணம் செய்து, முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு காமிராக்காரர்கள் எடுத்திருந்த 50,000 அடிப் பிலிமைத் திரட்டி, அதை 12,000 அடியாகச் சுருக்கி, 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதி சென்னை ராக்ஸி தியேட்டரில் அவர் வெளியிட்டார்.

அவருடைய 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற நூலை நான் என் பள்ளிப் பருவத்தில் வாசித்தேன். அவர் நடத்திவந்த 'குமரி மலர்' பத்திரிகை எங்கள் மஞ்சள் மண்டிக்குத் தபாலில் வரும். கணக்குப்பிள்ளை முதற்கொண்டு மூட்டை எண்ணுகிறவர் வரையில் அது கைமாறி, ஓரங்களில் மஞ்சள் படிந்து, கடைசியில் என்னிடம் வந்து சேரும். ஊர் சுற்ற வேண்டும், பார்த்ததைப் படமாக்க வேண்டும் என்ற இரண்டு ஆசைகளும் என் மனத்தில் ஒரே சமயத்தில் முளைத்தவை. அவை இரண்டும் அந்தத் தாள்களிலிருந்துதான் வந்தன.

எங்கள் நாமகிரிப்பேட்டை, ராசிபுரத்திலிருந்து ஆத்தூருக்குப் போகும் சாலையில், ஒரு புறம் கொல்லிமலையும் மறு புறம் போதமலையும் கண்ணுக்கு எதிரே நிற்க, நடுவே மஞ்சளும் மரவள்ளியும் பாக்குத் தோப்புமாக அமைந்த ஊர். நான் பிறந்து வளர்ந்து பாதி வயதைக் கடக்கும் வரையில் அது சேலம் ஜில்லா. 1997-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து நாமக்கல் மாவட்டம். ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே சேர்த்துக்கொண்டு, அதைச் சங்கீத உலகம் முழுவதும் ஒலிக்கச் செய்தவர் நாகஸ்வர வித்வான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். 1981-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் சங்கீத கலாநிதி பட்டமும் ஒருசேர அவருக்குக் கிடைத்தபோது, ஊர் அடைந்த சந்தோஷம் இவ்வளவு என்று சொல்லி முடியாது. அவருடைய நாதமும் எங்கள் மண்ணின் மஞ்சளுமே வெளியூரார் எங்களை அடையாளம் கண்டுகொள்ளும் இரண்டு சின்னங்களாக இருந்தன.

1960-களின் ஆரம்பத்தில், மலாயாவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பிய என் சிற்றப்பா, ஒரு தோல் பையிலே கைக்கடக்கமான எட்டு மில்லிமீட்டர் காமிரா ஒன்றைக் கொண்டுவந்து, "நீதான் எந்நேரமும் படம் படம்னு சொல்லிக்கிட்டிருக்கியே, இந்தா, வச்சுக்கோ" என்று என் கையில் கொடுத்தார். மண்டியில் கணக்கு எழுதுவதற்காகப் படிப்பை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அது பெரும் பாக்கியமாகத் தோன்றியது. அதை இயக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஊரில் யாரும் இல்லை. ஆனால் சேலம் பக்கத்தில் இருந்தது. டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1935-ஆம் ஆண்டில் ஏற்காடு மலையடிவாரத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ, மலையாளத்தின் முதல் பேசும்படமாகிய 'பாலன்' 1938-இலும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இலும் உருவாகக் காரணமாக இருந்த ஸ்தாபனம். சேலத்து வியாபாரி ஒருவரின் சிபாரிசினால், அங்கே காமிரா உதவியாளராக இருந்த ஒரு பெரியவரின் பரிச்சயம் எனக்குக் கிட்டியது. அவர் எனக்குச் சொன்னவற்றுள் இரண்டை நான் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்து வருகிறேன். காமிராவை அசைக்காதே, எதிரே இருப்பது அசையட்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு சுருளின் டப்பாவிலும் தேதியையும் இடத்தையும் படத்தில் இருப்பவர்களின் பெயரையும் அன்றைக்கே எழுதிவிடு என்பது மற்றொன்று.

அந்தக் காமிராவைப் பற்றிச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். இன்றைய இளைஞர்கள் அதைப் பார்த்திருக்க நியாயமில்லை. அதில் போடும் பிலிம் உண்மையில் பதினாறு மில்லிமீட்டர் அகலமுள்ளது; நீளம் இருபத்தைந்து அடி. முதல் ஓட்டத்தில் அதன் ஒரு பாதியில் மட்டும் படம் பதியும். ஓடி முடிந்ததும் நிழலான இடமாகப் பார்த்து உட்கார்ந்து, மூடியைத் திறந்து, சுருளைத் திருப்பிப் போட்டு, மறு பாதியில் படம் எடுக்க வேண்டும். கழுவும் இடத்தில் அதை நடுவாகக் கீறி, இரண்டு துண்டுகளையும் நுனியோடு நுனி ஒட்டி அனுப்புவார்கள். விநாடிக்குப் பதினாறு படம் வீதம் ஓட்டினால் மொத்தமும் நாலு நிமிஷம்தான் வரும். மின்சாரம் வேண்டியதில்லை. பக்கவாட்டிலுள்ள சாவியைத் திருகிச் சுருள்வில்லை இறுக்கிவிட்டால் அரை நிமிஷம் ஓடும். பிறகு மீண்டும் திருக வேண்டும். பிலிமின் விலை மண்டிக் கணக்குப்பிள்ளை ஒருவனின் சம்பளத்தில் பெரும் பங்கு. ஆதலால், எதை எடுக்கலாம் என்று முன்னிரவே யோசித்து, எங்கே நிற்பது, வெயில் எந்தப் பக்கம் விழும், எவ்வளவு நேரம் பொத்தானை அழுத்துவது என்றெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் காமிராவை எடுப்பேன். எடுத்து முடித்த சுருளைத் தபாலில் கழுவ அனுப்பிவிட்டு வாரக் கணக்கில் காத்திருக்கும் அந்தக் காத்திருப்பிலும் ஒரு சுகம் இருந்தது.

நான் திருப்தியாக எடுத்த முதல் படம் மஞ்சள் வேக வைப்பதைப் பற்றியது. வைகாசியிலும் ஆனியிலும் நட்ட மஞ்சள், தை பிறந்து தோகை காய்ந்து சாயும் சமயத்தில் வெட்டுக்கு வரும். வெட்டிய கொத்தை உதறி, விரலியை வேறாகவும் கிழங்கை வேறாகவும் பிரித்த பின், களத்தின் ஓரத்தில் வெட்டிய நீண்ட அடுப்பின்மேல் இரும்புக் கொப்பரையை ஏற்றி, மஞ்சளைக் கொட்டித் தண்ணீர் விட்டு, மேலே காய்ந்த தோகையையும் ஈரச் சாக்கையும் போட்டு மூடி, விடியற்காலையிலேயே தீ மூட்டிவிடுவார்கள். சற்று நேரத்தில் நுரை கிளம்பும். அதன்பின் எழும் மணத்தைக் கொண்டே பக்குவத்தைச் சொல்லிவிடக்கூடிய ஒரு கிழவர் எங்கள் களத்தில் இருந்தார். அவர் சாக்கை விலக்கி, ஒரு விரலியை எடுத்து, ஈர்க்குச்சியை அதில் குத்திப் பார்ப்பார். குச்சி தடையின்றி இறங்கினால் "போதும், தீயை இழுங்க" என்பார். நான் எடுக்க விரும்பியது அந்தக் குச்சி இறங்கும் ஒரு கணத்தைத்தான். ஆவி லென்ஸில் படிந்துகொண்டே இருந்தது. வேட்டித் தலைப்பால் துடைத்துத் துடைத்து, கிழக்கே மலைச் சரிவின் ஓரமாக வந்த முதல் வெயில் கிழவரின் முழங்கையில் விழுந்த நேரத்தில் பொத்தானை அழுத்தினேன். கரிய நகமும், வெந்து பளபளக்கும் மஞ்சளும், பாதி வரையில் இறங்கிய குச்சியும் அந்த ஆறு விநாடிப் படத்தில் இன்றும் அப்படியே இருக்கின்றன. அதன்பின் களத்தில் பதினைந்து நாள் காய்வதையும், வலை அடித்த பீப்பாயில் போட்டு இரு பக்கமும் ஆட்கள் நின்று சுழற்றி மெருகேற்றுவதையும், அப்போது கிளம்பும் பொடியில் ஆட்களின் புருவமெல்லாம் மஞ்சளாகிவிடுவதையும், ஏலத்தன்று வியாபாரி ஒரு விரலியை ஒடித்து உள்நிறம் பார்ப்பதையும் தொடர்ச்சியாக எடுத்தேன். விரலி, உருண்டை, பனங்காலி என்று மூன்று ரகத்தையும் தனித்தனியே கையில் ஏந்திக் காட்டச் சொல்லி ஒரு காட்சி வைத்தேன்.

படத்திற்குத் தலைப்பு எழுதும் வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. கரும்பலகையில் மஞ்சளைக் குழைத்து எழுதி, அதன் ஓரங்களில் சுண்ணாம்பு சேர்த்தால் எழுத்தைச் சுற்றிக் குங்குமச் சிவப்பாகக் கரை கட்டிவிடும். அப்படி எழுதிய பலகையை வெயிலில் நிறுத்திப் படம் எடுத்து, அந்தத் துண்டை முன்னால் ஒட்டுவேன். ஒட்டுவதற்கென்று ஒரு சிறு கருவியும் ஒரு சீசா பசையும் இருந்தன. பிலிமின் மேல்பூச்சைச் சுரண்டி, ஒரு துளி பசை தடவி, இரண்டு நுனிகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்த இராத்திரிகள் அநேகம்.

மண்டிச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி அந்தப் படத்தைக் காட்டியபோது, சேலத்திலும் ராசிபுரத்திலும் எத்தனையோ சினிமாக்களைப் பார்த்திருந்த எங்கள் ஜனங்கள், தங்கள் களத்தையும் தங்கள் கைகளையும் சுவரில் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் வாய் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "இன்னொரு தரம் போடுங்க" என்று ஒரே குரலாகக் கேட்டார்கள். தொழிலாகப் படம் எடுப்பவர்கள் எங்கள் களத்துக்கு ஒருபோதும் வரமாட்டார்கள் என்பது எனக்கு அன்று விளங்கிற்று. அவர்களுக்கு இங்கே என்ன வருமானம்? பணம் கேளாமல் எடுப்பவன் ஒருவன் ஊருக்கு ஊர் இருந்தாலன்றி, இம்மாதிரி வேலைகளின் நடைமுறை படத்தில் ஏறாமலே மறைந்துபோகும்.

சில ஆண்டுகளில் சிற்றப்பா தம் பாக்கிகளை வசூலிப்பதற்காக மீண்டும் மலாயா போக நேர்ந்தபோது, என்னையும் துணைக்கு அழைத்துச் சென்றார். 1926-இல் கட்டப்பட்டு, எத்தனையோ ஆயிரம் தமிழர்களைக் கடல் கடத்திய 'ராஜுலா' கப்பலில் நாங்கள் போனோம். மேல்தளத்தில் பாயை விரித்து இடம் பிடித்துக்கொண்ட குடும்பங்களையும், டிரங்குப் பெட்டிகளையே சுவராக வைத்து அவர்கள் அமைத்துக்கொண்ட தற்காலிக இல்லங்களையும் நான் படம் எடுத்தேன். பினாங்கில் மலைமேல் ஏறும் கயிற்று ரயிலையும், கோலாலம்பூருக்கு அருகே பத்துமலைக் குகைக் கோயிலின் 272 படிகளில் தைப்பூசத்தன்று காவடிகள் ஏறுவதையும் எடுத்தேன். இன்று பத்துமலை என்றால் எல்லோர் மனத்திலும் தோன்றுகிற பிரம்மாண்டமான முருகன் சிலை 2006-ஆம் ஆண்டில்தான் எழுந்தது. என் சுருளில் அந்த இடம் வெறும் சுண்ணாம்புப் பாறையும் பச்சைக் கொடிகளுமாக இருக்கிறது. எடுத்தபோது அதற்கு ஒரு விசேஷமும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பின்னால் காலம் அதற்கு விசேஷத்தைக் கொடுத்துவிட்டது.

ஆனால் அந்தப் பிரயாணத்தில் என் மனத்தை உருக்கியது ரப்பர்த் தோட்டங்களே. சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து போனவர்களும் அவர்களுடைய மக்களுமாக, இருள் பிரியுமுன்னே வாளியோடும் கத்தியோடும் மரங்களின் வரிசைக்குள் போய், பட்டையைச் சாய்வாகச் சீவிப் பால் வடியவிட்டு, வெயில் ஏறுமுன் அதைச் சேகரித்துக்கொண்டு திரும்புவார்கள். ஈப்போவுக்கு அருகில் ஒரு தோட்டத்து லயத்தில், ராசிபுரம் பக்கத்துக்காரர் ஒருவர் என் காமிராவைக் கண்டதும் குளித்து, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மனைவி மக்களை வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டு, "தம்பி, ஊருக்குப் போனதும் எங்கம்மாவுக்கு இதைக் காட்டுவீங்களா? நான் ஒடம்பா இருக்கேன்னு அவங்க பார்த்துக்கிட்டாப் போதும்" என்று சொன்னார். காமிராவுக்குப் பேச்சு ஏறாது என்று சொல்லியும், அவர் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, லென்ஸைப் பார்த்துத் தம் தாயாரிடம் முழுவதையும் பேசினார். அவர் பேசி முடிக்கும் வரையில் நான் வில்லை இரண்டு முறை திருகினேன்.

ஊர் திரும்பியதும் அந்தச் சுருள் கழுவி வந்த அன்றே புரொஜெக்டரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தத் தாயாரின் கிராமத்துக்குப் போனேன். மின்சாரம் இருந்த ஒரே கட்டிடம் பள்ளிக்கூடம். அந்த அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து, மகனுடைய உதடுகள் அசைவதைப் பார்த்து, "காவேரியாத்துல தண்ணி வருதான்னு கேக்கறான், பாருங்க" என்று தாமாகவே அர்த்தம் சொல்லிக்கொண்டு வந்தார். பேரக்குழந்தைகளின் முகம் வந்தபோது எழுந்துபோய் வேட்டித் திரையைத் தொட்டுப் பார்த்தார். உலகத்தில் எத்தனை விதமான படங்கள் உண்டோ அத்தனையிலும், இவ்வாறு ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுமந்துகொண்டு போய்ச் சேர்க்கும் படத்தை விட உயர்ந்தது இல்லை என்று நான் அன்று கொண்ட அபிப்பிராயத்தை இன்று வரையில் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அந்நிய நாடு போய் வந்த பின் உள்ளூரைப் பார்க்கும் பார்வை கூர்மையாயிற்று. கொல்லிமலையின் எழுபது வளைவுகளிலும், ஆடிப் பெருக்கன்று அறப்பளீசுவரர் சந்நிதியிலும் எடுத்தவை நிறைய உண்டு. அவற்றை எடுப்பவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். போதமலைக்கு அப்படி ஒருவரும் போகவில்லை. வடுகத்திலிருந்து கீழூருக்கும் மேலூருக்கும், புதுப்பட்டியிலிருந்து கெடமலைக்கும், கல்லும் வேருமான ஒற்றையடிப் பாதையில் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. அரிசியும் உப்பும் தலைச்சுமையாகவே ஏறின. விளைந்தது தலைச்சுமையாகவே இறங்கியது. தேர்தல் வந்தால் வாக்குப் பெட்டிகளும் அவ்வாறே போய் அவ்வாறே வந்தன. நோயாளிகளையும் பிரசவ வேதனைப்படும் பெண்களையும் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். சாலை வேண்டும் என்ற கோரிக்கை தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. அந்தப் பாதையில் நான் சுமைகாரர்களோடு ஏறி, அவர்கள் மூச்சு வாங்க நிற்கும் சுமைதாங்கிக் கல்லையும், பிடி நழுவாமல் இருக்கக் கால் விரல்களைப் பாறையில் ஊன்றுவதையும் அண்மையிலிருந்து எடுத்தேன். அந்தக் கால்களை எடுத்ததுபோல் வேறு எதையும் நான் நன்றாக எடுத்ததில்லை.

1982-ஆம் ஆண்டு டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதன் பின்னே வீடியோவும் வந்தது. சிங்கப்பூரிலிருந்து என் மைத்துனர் வாங்கிவந்த, தோளில் வைத்துக்கொள்ளும் பெரிய காமிராவில், காசெட் ஒன்றில் மூன்று மணி நேரம் எடுக்கலாம், கழுவ வேண்டாம், எடுத்த மாத்திரத்தில் பார்க்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒலியும் ஏறும். அதுவரையில் நான் எடுத்த கோயில் உற்சவங்களில் நாகஸ்வரக்காரரின் கன்னம் உப்புவதும் தவில்காரரின் விரல் பாய்வதும் ஊமையாகவே இருந்தன. நாகஸ்வரத்துக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு அப்படி எடுத்துக்கொண்டிருந்தது எனக்கு ஆறாத குறை. முதன்முதலாக ஒலியோடு எடுத்த சுவாமி புறப்பாட்டை வீட்டில் போட்டுப் பார்த்தபோது, என் தாயார் சமையலறையிலிருந்து கைகூப்பிக்கொண்டு வெளியே வந்தார். அந்தக் காலத்தில்தான் சேலத்திலும் ராசிபுரத்திலும் கலியாண வீடியோ எடுப்பது ஒரு தொழிலாகப் பெருகியது. என்னையும் பலர் கூப்பிட்டார்கள். உறவு முறையில் எடுத்துக் கொடுத்தேனே தவிர, ஊதியம் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் மணமேடையை விட்டு அகல முடியாது. பந்திக்குப் பின்னால் இலை எடுக்கும் கிழவியையும், கூடத்து மூலையில் மணப்பெண்ணின் பாட்டி தனியாக வெற்றிலை மடிப்பதையும் எடுக்க எனக்குச் சுதந்திரம் இருந்திராது.

முதுமையில், அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் இருக்கும் என் மகள் வீட்டுக்கு 2009-ஆம் ஆண்டுக் கோடையில் போயிருந்தேன். நயாகராவை எல்லோரும் பார்க்கிறார்கள், நானும் பார்த்தேன். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது ராச்செஸ்டர் நகரம். மஞ்சள் அட்டைப் பெட்டியில் எனக்குப் பிலிம் அனுப்பிய கோடாக் கம்பெனியை ஸ்தாபித்த ஜார்ஜ் ஈஸ்ட்மன் வாழ்ந்த மாளிகை, 1949-லிருந்து அங்கே காட்சிசாலையாக இருக்கிறது. சாதாரண மனிதன் கையில் காமிராவைக் கொடுத்த அந்த மனிதர், 1926-இல் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது தாமே சினிமாக் காமிராவைச் சுழற்றிப் படம் எடுத்தவர். நான் பயன்படுத்திய கோடாக்ரோம் என்ற வண்ணப் பிலிமைக் கண்டுபிடித்த லியோபோல்டு மன்னஸ், லியோபோல்டு கோடோவ்ஸ்கி ஆகிய இருவரும் சங்கீத வித்வான்கள். ஒருவர் பியானோ, மற்றவர் வயலின். வண்ணப் பிலிம் அவர்களுக்கு இளமையில் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி. 1935-இல் விற்பனைக்கு வந்த அந்தப் பிலிமை இனித் தயாரிப்பதில்லை என்று கம்பெனி அறிவித்தது, நான் அங்கே இருந்த அதே கோடையில்தான். கான்ஸாஸ் மாகாணத்தில் பார்சன்ஸ் என்ற சிறு ஊரில் ஒரே ஒரு கடை அதைக் கழுவிக்கொண்டிருந்தது. 2010-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தோடு அங்கும் சுருள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் காட்சிசாலையில் படச்சுருள்களைப் பாதுகாக்கும் வித்தையைக் கற்பிப்பதற்கென்றே 1996 முதல் ஒரு பள்ளி நடக்கிறது. அங்கு ஊழியராக இருந்த ஒரு பெண்மணி, என் ஊரையும் என் சுருள்களையும் பற்றி அக்கறையோடு விசாரித்துவிட்டு, பிலிம் டப்பாக்களைப் படுக்க வைக்க வேண்டும், வீடியோ காசெட்டுகளைப் புத்தகம்போல் நிற்க வைக்க வேண்டும், இரண்டுக்கும் சூடும் ஈரமும் சத்துரு என்று சொல்லி அனுப்பினார். ஊர் திரும்பியதும் மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவே இருந்த என் பெட்டிகளை மாடி அறைக்கு மாற்றினேன். பரிசோதித்ததில் கண்ட உண்மை என்னைத் திகைக்க வைத்தது. 1960-களில் எடுத்த கோடாக்ரோம் சுருள்களில், அந்த ஈர்க்குச்சி இறங்கும் மஞ்சள் உட்பட, நிறம் கொஞ்சமும் குன்றவில்லை. அவற்றுக்கு இருபது வருஷம் இளைய காசெட்டுகளிலோ நாடா முழுவதும் வெண்மையான பூஞ்சை படர்ந்திருந்தது. பல காசெட்டுகளில் படம் கோடு கோடாகச் சிதைந்து, ஒலி மட்டும் மிஞ்சியிருந்தது. இவற்றைப் போட்டுப் பார்க்கும் வீடியோ இயந்திரத்தைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானியக் கம்பெனியும் 2016-ஆம் ஆண்டில் அதை நிறுத்திவிட்டது.

செட்டியாருடைய படத்துக்கு நேர்ந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவ்வளவு பிரயாசையுடன் சேர்த்த அந்தப் படத்தின் தமிழ் மூலம் நமக்கு முழுமையாகக் கிட்டவில்லை. 1953-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வாஷிங்டனில் வெளியிடப்பட்ட ஆங்கில வடிவத்தின் பிரதி ஒன்று, அவர் காலமாகிப் பல ஆண்டுகளுக்குப் பின், சான் பிரான்சிஸ்கோவில் இருப்பதை ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி கண்டெடுத்தார். மகாத்மாவைப் பற்றிய படத்துக்கே இந்தக் கதி என்றால், எங்கள் களத்துக் கிழவரின் ஆறு விநாடிக்கு யார் பொறுப்பு? எடுத்தவனே பொறுப்பு. அவனுக்குப் பின் யார் என்பதையும் அவனே ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும். இதை நான் என் பேரனிடம் மிக வற்புறுத்திச் சொல்லியிருக்கிறேன். அவன் கைப்பேசியில் ஒரு நாளில் எடுப்பதை நான் ஓர் ஆண்டில் எடுத்ததில்லை. ஆனால் அவற்றுள் ஒன்றிலாவது இன்னார், இன்ன இடம் என்று எழுதி வைத்திருக்கிறானா என்று கேட்டால் விடை இல்லை. எடுக்கும் சௌகரியம் பெருகப் பெருக, காக்கும் சிரத்தை அருகி வருவதைக் காணும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

இப்போது என் பொழுதெல்லாம் இந்த வேலையில்தான் போகிறது. சேலத்தில் ஒருவர் பிலிம்களைச் சட்டம் சட்டமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறார். பேரன் அவற்றை மூன்று பிரதிகளாக்கி, ஒன்றை என்னிடமும், ஒன்றைத் தன்னிடமும், ஒன்றை ராச்செஸ்டருக்கு அருகிலுள்ள தன் அத்தை வீட்டிலுமாக வைக்கிறான். நான் டப்பாக்களில் எழுதிவைத்த பெயர்கள் முன்வரிசைக்காரர்களுடையவை. பின்னால் நிற்பவர்கள், பாதி முகம் தெரிபவர்கள், முதுகைக் காட்டி மஞ்சள் பொறுக்குகிறவர்கள் ஆகியோரின் பெயர்களை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆகையால், ஏலம் நடக்கும் செவ்வாய்க்கிழமைகளில் ஊருக்கு வரும் முதியவர்களை மண்டியில் உட்கார்த்தி, படத்தை மெதுவாக ஓட்டிக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். சென்ற மாதம் ஒரு மூதாட்டி, பீப்பாய் சுற்றும் காட்சியில் கையை நீட்டி, "ஏனுங்கண்ணா, நிறுத்துங்க! அந்த முக்காடு போட்டிருக்கறது எங்க அத்தைங்க. பக்கத்துல நிக்கற புள்ளை நான்தானுங்க" என்றார். அத்தையின் போட்டோ ஒன்றுகூட அவர்கள் வீட்டில் இல்லையாம். அந்தக் காட்சியைத் தாளில் அச்சடித்து, சட்டம் போட்டு, மறுநாளே அனுப்பி வைத்தேன். அவர் சொன்னபடி இருவர் பெயரையும், எந்த வருஷத்து வெட்டு என்பதையும், அப்போது நாள் கூலி எவ்வளவு என்பதையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

போதமலைச் சுருள்கள் மட்டும் இன்னும் பாக்கி. அங்கேயுள்ள முதியவர்கள் கீழே இறங்கி வருவது அருமை. எனக்கு ஏறுவது கஷ்டம். மேலூரில் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியதில், அறுவடை ஓய்ந்த பிறகு வந்தால் எல்லோரையும் கூட்டி வைப்பதாகப் பதில் வந்திருக்கிறது. பாட்டரியில் ஓடும் சிறிய புரொஜெக்டரையும், வேட்டி ஒன்றையும், குறிப்பேட்டையும் பேரன் தூக்கிக்கொள்வான். வடுகம் வரையில் காரில் போய், அங்கிருந்து விடியுமுன் கிளம்புவதாக உத்தேசம்.